ஒன்பது வாற் பூனை: ஒரு கசையின் வரலாறும் அது உணர்த்தும் பொருளும்

அடிக்குங் கருவிகளுக்குத் தமிழிற் பெயர்கள் பல. சாட்டை என்பது உழவனும் வண்டிக்காரனும் நாடோறும் கையாண்ட சொல். கசை என்பது வடமொழி வழியாக வந்தது. சவுக்கு என்பது பாரசீகச் சொல்லின் திரிபு. பிரம்பு என்பதோ காட்டிற் படருங் கொடியின் பெயர். பின்னர் பள்ளிக்கூடத்தோடு இணைபிரியாத கருவியொன்றின் பெயருமாயிற்று. இவற்றுக்கெல்லாம் அடித்தலன்றி வேறு பயன்களும் உள. சாட்டை மாட்டை நடத்தும்; சவுக்கு குதிரையைச் செலுத்தும்; பிரம்பு கூடையாகும், நாற்காலியாகும், முதியோர்க்கு ஊன்றுகோலுமாகும். மனிதனை, அதுவும் தண்டனை என்னும் பெயரால், அடிப்பதற்கென்றே செய்யப்பட்டு, வேறெவ்வகைப் பயனும் அற்ற கருவியொன்று உலக வரலாற்றிலே உண்டு. ஆங்கிலேயர் அதனை 'ஒன்பது வாற் பூனை' என அழைத்தனர். ஏறக்குறைய இருநூற்றைம்பது ஆண்டுகள் பிரித்தானியக் கடற்படையிலும் தரைப்படையிலும் சிறைச்சாலைகளிலும் ஆட்சி செலுத்திய இக்கருவியின் வரலாற்றினைச் சுருங்க ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

விழா மலரொன்றிலே இத்தகைய பொருளை எடுத்துக்கொண்டது ஏன் என அன்பர் சிலர் வினவக்கூடும். பழைய மாணவர் கூடுமிடமெல்லாம் பிரம்படியின் பெருமை பேசப்படுதலை நாம் அறிவோம். தாம் பெற்ற அடிகளின் தொகையைப் போரிற் பெற்ற விழுப்புண்களைப்போல எண்ணி மகிழ்வோரும், அவ்வடியே தம்மை ஆளாக்கிற்று என நன்றியோடு நினைவுகூர்வோரும் நம்மிடையே பலர். அந்நினைவினை இகழ்தல் நம் கருத்தன்று. ஆயினும், அடியினால் ஒழுக்கம் பிறக்கும் என்னும் நம்பிக்கை மிக நீண்ட காலம், மிகப் பெரிய அளவிலே, எழுத்து மூலமான பதிவுகளோடு சோதிக்கப்பட்ட இடம் பிரித்தானியப் படைகளே. அச்சோதனையின் முடிவினைத் தெரிந்துகொள்ளுதல் கற்றோர்க்கும் கற்பிப்போர்க்கும் பயன்தருவதாகும்.

கருவியின் அமைப்பு

பதினேழாம் நூற்றாண்டின் இறுதியிலேயே இப்பெயர் ஆங்கில நூல்களில் வழங்கலாயிற்று. 1695ஆம் ஆண்டிலே அரங்கேறிய கொங்கிரீவ் என்னும் ஆசிரியரின் நாடகமொன்றில் இப்பெயர் காணப்படுகின்றது. ஒரு கைப்பிடியும், அதனின்றுந் தொங்கும் ஒன்பது மெல்லிய கயிறுகளுமே இதன் உறுப்புக்கள். கடற்படையிலே கைப்பிடி தடித்த கயிற்றினாலும், தரைப்படையிலே மரத்தினாலும் ஆயது. கடற்படைக் கசையின் கைப்பிடியும் வால்களும் தனித்தனி ஏறக்குறைய 2 அடி நீளமுடையன. களவு செய்தோர்க்கெனத் தனியே அமைந்த கசையில் ஒவ்வொரு வாலிலும் முடிச்சுக்கள் இடப்பட்டன. தன் தோழனின் பொருளைத் திருடுதல் கப்பலிலே பெருங்குற்றமாகக் கருதப்பட்டமையே அதற்குக் காரணம்.

வால்கள் ஒன்பதானமைக்குக் கயிறு திரிக்கும் முறையையே காரணமாகக் கூறுவர். கப்பற்கயிறு மூன்று புரிகளால் ஆயது. புரி ஒவ்வொன்றும் மீண்டும் மூன்று சிறு புரிகளால் ஆயது. கயிற்றின் ஒரு தலைப்பை இருமுறை பிரித்தால் ஒன்பது இழைகள் கிடைக்கும். நாள்தோறும் கயிற்றோடு வாழ்பவர் கையிலே, பாயை இழுக்கும் அதே கயிறு கசையாக மாறிற்று. அது முதுகிலே பதித்த கோடுகள் பூனையின் நகக்கீறல் போன்றிருந்தமையின் 'பூனை' என்னும் பெயர் பொருந்திற்று. தண்டனைக்குத் தண்டனை புதிதாகச் செய்து, சிவப்புத் துணிப்பையொன்றில் இட்டு வைத்தலும் கப்பல்களில் வழக்கமாயிருந்தது.

தண்டனை என்னும் சடங்கு

இக்கருவியின் வலிமை அதன் கயிறுகளில் மட்டும் இருந்ததன்று. அது பயன்படுத்தப்பட்ட முறையிலே பெரும்பகுதி தங்கியிருந்தது. குற்றவாளி அகப்பட்ட அக்கணமே அடிக்கப்படுவதில்லை. குறித்த நாளிலே, தண்டனையைக் காணுமாறு கப்பலிலுள்ளோர் அனைவரும் மேற்றளத்துக்கு அழைக்கப்படுவர். கதவுத்துளைகளை மூடும் மரக்கிராதிகள் இரண்டு எடுக்கப்பட்டு, ஒன்று தளத்திலே கிடத்தப்படும். மற்றொன்று நிமிர்த்திக் கட்டப்படும். துப்பாக்கி ஏந்திய கடற்படைச் சிப்பாய்கள் ஒருபுறம் அணிவகுத்து நிற்பர். கப்பற்றலைவன் படைச்சட்டத்திலே உரிய விதியை எடுத்து வாசிப்பான். அப்பொழுது அனைவரும் தொப்பியைக் கழற்றிக்கொள்வர். பின்னர் குற்றவாளியின் மேலாடை களையப்பட்டு, அவன் கைகள் கிராதியிலே பிணிக்கப்படும். கப்பற் சாரங்கின் துணையாள் ஒருவன் கசையை வீசுவான். பன்னிரண்டு அடிகளுக்கு ஒருமுறை கைமாற்றமும் உண்டு. ஒருவன் உரத்த குரலில் அடிகளை எண்ணுவான். வைத்தியர் அருகில் நின்று, அடிபடுவோன் உயிர் தாங்குமா என நோக்கிக்கொண்டிருப்பார்.

தரைப்படையிலும் இத்தகையதே. நெடிய ஈட்டிகளை முக்கோணமாக நாட்டி, அதிலே போர்வீரனைக் கட்டுவர். அடிப்போர் முரசறையும் இளைஞர். இருபத்தைந்து அடிக்கு ஒருவராக அவர்கள் மாறுவர். படைப்பிரிவு முழுவதும் சதுரமாக அணிவகுத்து நின்று பார்த்தல் வேண்டும். அடிபடுவோன் மயங்கி விழுந்து, விதித்த தொகை முற்றுப்பெறாவிடின், மருத்துவமனையில் புண்ணை ஆற்றி, எஞ்சிய அடிகளுக்காக அவனை மீண்டும் கொணர்ந்த காலமும் இருந்தது. கடற்படையிலே மிகக் கொடிய குற்றங்களுக்கு 'கப்பற்கூட்டத்தைச் சுற்றி அடித்தல்' என ஒரு தண்டனை இருந்தது. குற்றவாளியைப் படகிலே கட்டித் துறையில் நிற்கும் ஒவ்வொரு கப்பலின் பக்கத்துக்கும் கொண்டுசென்று, அவ்வக் கப்பலார் காண அடிப்பர்.

இவற்றையெல்லாம் விரித்துரைத்தது கொடுமையைச் சித்திரித்தற்காக அன்று. சட்டம், எண்ணிக்கை, வைத்தியம், சாட்சி ஆகிய யாவும் இங்கே ஒருங்கு கூடியிருந்தன. வெறியினால் அடிக்கும் அடியை எவரும் குற்றமென்பர். ஒழுங்குமுறையோடு அடிக்கும் அடியோ கடமை எனக் கொள்ளப்பட்டது. அடித்தவனுக்கும், எண்ணினவனுக்கும், நோக்கி நின்ற வைத்தியருக்கும் அது உத்தியோகம் ஆயிற்று. பார்த்து நின்றோர்க்குப் பழக்கம் ஆயிற்று. இக்கசை இத்துணை நீண்டகாலம் நிலைத்தமைக்கு இப்பழக்கமே தலையாய காரணம் என நாம் கருதுகின்றோம்.

இரு கப்பற்றலைவர்

கசையின்றிக் கப்பலில் ஒழுங்கு நிலைக்குமா? இவ்வினாவுக்கு அக்காலத்து இருவர் வாழ்க்கை விடை கூறும்.

முதல்வன் ஹெர்மயனி என்னும் போர்க்கப்பலின் தலைவனாகிய ஹியூ பிகொற். 1797ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதம், மேற்கிந்தியத் தீவுக் கடலிலே, பாய்மரத்தின்மேற் பணிசெய்தோருள் இறுதியாக இறங்குபவனுக்குக் கசையடி விழும் என அவன் அச்சுறுத்தினான். பாய்மரத்தின் நுனிப்பகுதியிலே நின்றவன் இறுதியாகத்தான் இறங்க இயலும். அது அவன் குற்றமாகாது. அடிக்கு அஞ்சி விரைந்து இறங்க முயன்ற இளைஞர் மூவர் தவறித் தளத்தில் வீழ்ந்து மாண்டனர். அவர்தம் உடல்களை இழிசொற் கூறிக் கடலிலே எறியுமாறு தலைவன் பணித்தான். அடுத்த நாளிரவு மாலுமிகள் கிளர்ந்தெழுந்தனர். பிகொற்றும் அதிகாரிகள் பலரும் கொல்லப்பட்டனர். கப்பல் பகைவராகிய ஸ்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படை வரலாற்றிலே இதனினுங் குருதி தோய்ந்த கிளர்ச்சி வேறில்லை என்பர்.

மற்றவர் கத்பேட் கொலிங்வூட். 1805ஆம் ஆண்டு திரபல்கார்ப் போரிலே நெல்சனுக்கு அடுத்த நிலையில் நின்று, நெல்சன் வீழ்ந்தபின் தலைமை ஏற்றவர் இவரே. இவர் கசையை மிக அருமையாகவே பயன்படுத்தினார். குற்றஞ்செய்தோனுக்கு மேலதிக வேலை கொடுத்தல், அவனுக்குரிய மதுவில் நீரை மிகுத்துக் கொடுத்தல், தோழரோடு ஒருங்கிருந்து உண்ணாவாறு விலக்கி வைத்தல் என்பனவே இவர் கையாண்ட தண்டனைகள். ஆயினும் இவருடைய கப்பல்கள் ஒழுங்குக்கும் பீரங்கிப் பயிற்சிக்கும் புகழ்பெற்று விளங்கின. அடங்காத மாலுமிகளை இவரிடம் அனுப்பித் திருத்திய நிகழ்ச்சிகளும் கூறப்படுகின்றன. கடலும் ஒன்றே; சட்டமும் ஒன்றே; மாலுமிகளும் ஒரே வகுப்பினர். தலைவர் மாத்திரமே வேறு.

அடிபட்டோரின் மனநிலை

ஈண்டு வியக்கத்தக்க ஓர் உண்மையையும் குறிப்பிடல் வேண்டும். அதே 1797ஆம் ஆண்டின் இளவேனிலிலே, ஸ்பிற்ஹெட் என்னுந் துறையிலே பெருங் கடற்படையொன்று பணிசெய்ய மறுத்து நின்றது. சம்பள உயர்வு, நல்ல உணவு, நோயாளர்க்கு உரிய பராமரிப்பு, கொடிய அதிகாரிகளின் நீக்கம் ஆகியவற்றை மாலுமிகள் கேட்டனர். கசையடியை ஒழிக்குமாறு அவர்கள் கேட்கவில்லை. கிளர்ச்சி நடந்த கப்பல்களிலே குடித்து ஒழுங்கு குலைத்தோருக்கு மாலுமிகளே கசையடி விதித்தனர்.

அடிபட்டோரே அடியை நியாயமெனக் கொண்டனர் என்பதை இது காட்டுகின்றது. அதனை அடியின் நன்மைக்குச் சான்றாகக் கொள்ளலாமோ? கொள்ளலாகாது. பிறந்த நாள்தொட்டு ஒரு முறையையே கண்டு வளர்ந்தவன் அதற்கு மாற்று உண்டென எண்ணுதல் அரிது. அவன் கேட்பதெல்லாம் அளவான அடி, நேர்மையான அடி என்பதே. அடியே வேண்டாம் என்னுஞ் சொல் பெரும்பாலும் வெளியிலிருந்தே வருதல் வேண்டும்.

எண்ணிக்கை தேய்ந்த வரலாறு

கசை ஒரே நாளில் ஒழியவில்லை. அடிகளின் தொகை படிப்படியாகத் தேய்ந்தே அது மறைந்தது.

1731ஆம் ஆண்டு விதிகளின்படி கப்பற்றலைவன் தன் அதிகாரத்தால் 12 அடிகளுக்கு மேல் விதிக்கலாகாது. எனினும் அவ்விதி பெரிதும் பேணப்படவில்லை. 1806இல் அவ்வரம்பு விதிநூலினின்றும் நீங்கிற்று. தரைப்படையிலே தொகை பன்மடங்கு பெரிது. 1807இல் 1,500 அடி விதித்த தீர்ப்பொன்று மூன்றாம் ஜோர்ச் மன்னரின் பார்வைக்கு வந்தபொழுது, 1,000 அடி போதுமானது என அவர் கருத்துத் தெரிவித்தார். அக்காலத்துக் கருணையின் அளவு அது!

1809இல் ஈலி என்னும் ஊரிலே, தம் சம்பளத்திற் பிடித்தம் செய்யப்பட்டதை எதிர்த்த ஊர்காவற்படை வீரர் சிலருக்கு, ஜேர்மன் குதிரைப்படையின் காவலோடு, தலைக்கு 500 அடி விதிக்கப்பட்டது. வில்லியம் கொபெற் என்னும் பத்திரிகையாளர் அதனைக் கண்டித்து எழுதினார். அதற்காக 1810இல் அவருக்கு ஈராண்டுச் சிறையும் 1,000 பவுண் அபராதமும் கிடைத்தன. கசையைப் பற்றிப் பேசுதலும் தண்டனைக்குரிய குற்றமாயிருந்த காலம் அது.

இந்தியாவிலும் இக்கசையின் சுவடு உண்டு. 1806இல் வேலூர்க் கோட்டையிலே புதிய தலைப்பாகையை அணிய மறுத்த சிப்பாய்களுக்குக் கசையடியும் பணிநீக்கமும் விதிக்கப்பட்டன. அவ்வாண்டு யூலை மாதத்திலே அங்குப் பெருங்கிளர்ச்சி மூண்டது. அப்பொழுது சென்னையின் ஆளுநராயிருந்த வில்லியம் பெந்திங்குப் பிரபு அதன் காரணமாகவே பதவியினின்றும் திருப்பி அழைக்கப்பட்டார். பின்னர் இந்தியாவின் தலைமை ஆளுநராகி வந்த அவரே 1835இல் இந்தியச் சிப்பாய்களுக்குக் கசையடியை ஒழித்தார். அதனால் ஒரு விந்தை நிகழ்ந்தது. ஒரே பாசறையிலே இந்தியச் சிப்பாயின் முதுகு காக்கப்பட்டிருக்க, ஆங்கிலச் சிப்பாயின் முதுகிலே கசை தொடர்ந்து விழுந்தது. 1845இல் ஹார்டிஞ்சுப் பிரபுவின் காலத்திலே இந்தியர்க்கும் அத்தண்டனை மீட்கப்பட்டது.

இங்கிலாந்திலே திருப்புமுனையாக அமைந்தது 1846ஆம் ஆண்டு நிகழ்ச்சியாகும். மதுமயக்கத்திலே தன் மேலாளைத் தாக்கிய குற்றத்துக்காக, ஹவுன்ஸ்லோப் பாசறையிலே பிரெடெரிக் ஜோன் வைற் என்னும் குதிரைப்படை வீரனுக்கு யூன் மாதத்தில் 150 அடி கொடுக்கப்பட்டது. யூலை 11இல் அவன் இறந்தான். மரணத்துக்கும் அடிக்கும் தொடர்பில்லை எனப் படைவைத்தியர் உரைத்தனர். ஆனால் மரண விசாரணை அதிகாரியாக அமைந்தவர், லான்செற் என்னும் மருத்துவ இதழின் நிறுவனராகிய தோமஸ் வாக்லி. அவர் வேறு மருத்துவ அறிஞரைக் கொண்டு உடலை மீண்டும் ஆராய்வித்தார். அடியின் விளைவாகவே மரணம் நேர்ந்தது என யூரர் தீர்ப்பளித்தனர். அவ்வாண்டிலேயே உச்ச அளவு 50 அடியாகக் குறைக்கப்பட்டது. 1868இல் அமைதிக்காலத்திலே தரைப்படைக் கசையடி நின்றது. 1879இல் பார்னெல் முதலிய ஐரிஷ் உறுப்பினர் பாராளுமன்றத்திலே விடாது போராட, உச்ச அளவு 25 ஆயிற்று. 1881இல் படைவீரர்க்குரிய கசையடி முற்றாக ஒழிந்தது. கடற்படையிலும் 1871இல் அமைதிக்காலத்துக்கும் 1879இல் போர்க்காலத்துக்கும் அது நிறுத்திவைக்கப்பட்டது.

ஆயிரம் ஐம்பதாயிற்று, ஐம்பது இருபத்தைந்தாயிற்று, பின்னர் ஒன்றுமில்லை. ஒவ்வொரு படியிலும், இதற்குமேற் குறைப்பின் படை கலைந்துவிடும் என அனுபவமிக்க தளபதிகள் எச்சரித்தனர். வாட்டர்லூ வென்ற வெலிங்டன் பிரபுவே கசையடியின் தேவையை நெடுங்காலம் வலியுறுத்தியவர். படை கலையவில்லை. இரு உலகப் போர்களிலும் போரிட்ட பிரித்தானியப் படை கசையறியாத படையே.

எண்கள் கூறிய தீர்ப்பு

படையினின்றும் நீங்கிய கசை சிறைச்சாலையிலே நிலைத்து நின்றது. 1862இல் இலண்டன் வீதிகளிலே வழிப்போக்கரின் கழுத்தை நெரித்துக் கொள்ளையிடும் குற்றம் மலிந்ததெனப் பேரச்சம் பரவிற்று. அதனால் 1863இல், வன்முறையோடு கொள்ளையிடுவோர்க்குக் கசையடி விதிக்கும் சட்டம் இயற்றப்பட்டது. கசை கொள்ளையரை ஒடுக்கிற்று என்னும் கதை அன்றுதொட்டு வழங்குவதாயிற்று. உண்மையிலோ, சட்டம் நிறைவேறும் முன்னரே அக்குற்றம் தணிந்துவிட்டது.

இக்கதையை முறையாகச் சோதிக்க முற்பட்டது எட்வேட் கடோகன் என்பாரின் தலைமையில் அமைந்த அரசாங்கக் குழு. அதன் அறிக்கை 1938இல் வெளிவந்தது. 1921 முதல் 1930 வரை வன்முறைக் கொள்ளைக்காகத் தண்டிக்கப்பட்ட 440 பேரின் பிற்கால வாழ்வை அக்குழு ஆராய்ந்தது. அவருள் 142 பேர் கசையடி பெற்றவர். 298 பேர் பெறாதவர். கசையடி பெற்றோருள் நூற்றுக்கு 55 பேர் மீண்டும் பெருங்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். பெறாதோருள் அவ்வாறு தண்டிக்கப்பட்டோர் நூற்றுக்கு 43.9 மாத்திரமே. கசை குற்றத்தைப் பெருக்கிற்று என்று இவ்வெண்கள் நிறுவா. கொடியோரே கசைக்குத் தெரிந்தெடுக்கப்பட்டனர் என எவரும் வாதிக்கலாம். ஆனால் கசைக்கு அஞ்சி அடங்குவர் என்று சொல்லப்பட்ட பயன் யாண்டுங் காணப்படவில்லை என்பது தெளிவு. நீதிமன்றங்கள் விதிக்கும் கசையடியை ஒழிக்குமாறு குழு பரிந்துரைத்தது. இடையிலே போர் வந்தமையால், 1948ஆம் ஆண்டுச் சட்டமே அதனை நிறைவேற்றிற்று. சிறை ஒழுங்கின் பொருட்டு எஞ்சியிருந்த கசையும் 1967இல் நீங்கிற்று.

கசை உணர்த்தும் பொருள்

இனிக் கசை என்பது என்ன பொருளை உணர்த்திற்று என்பதை நோக்குவாம். ஒன்பது வாற் பூனை அதிகாரியின் முதுகில் விழுந்ததில்லை. ஒரே குற்றத்தைச் செய்தாலும் அதிகாரி பதவியிழப்பான்; போர்வீரன் தோலிழப்பான். பண்டை உரோமாபுரியிலும் இத்தகைய வேறுபாடு இருந்தது. கி.மு. இரண்டாம் நூற்றாண்டின் போர்சியச் சட்டங்கள் உரோமக் குடிமகனைக் கசையடியினின்றும் காத்தன. அடிமைக்கும் அயலானுக்கும் அக்காப்பு இல்லை. ஆகவே ஒருவனை அடிக்கலாம் என்பது, அவன் முழுக் குடிமகன் அல்லன் என்பதற்கு அடையாளமாயிற்று.

மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களிலே அடிமைகளை ஆண்ட சவுக்கு வேறு வகையினது. எனினும் அது உணர்த்திய பொருள் இதுவே. 1824இல் திரினிடாட் தீவுக்குப் பிறப்பிக்கப்பட்ட கட்டளை, பெண்களை அடித்தலை விலக்கியதோடமையாது, வயலிலே மேற்பார்வையாளர் சவுக்கை அதிகாரச் சின்னமாக ஏந்திச் செல்லுதலையும் விலக்கிற்று. அடியாத சவுக்கும் பேசும் என்பதை அக்கட்டளையை இயற்றியோர் உணர்ந்திருந்தனர். 'உன் உடல் உன்னுடையதன்று' என்பதே அதன் பேச்சு.

நம் நாட்டிற் கசையும் பிரம்பும்

பிரித்தானியர் ஆட்சியிலே இலங்கைக்கும் இத்தண்டனை சட்டமாக வந்தது. 1883ஆம் ஆண்டுத் தண்டனைக் கோவை கசையடியையும் தண்டனைகளுள் ஒன்றாக வகுத்தது. 1889இல் உடற்றண்டனைக் கட்டளைச்சட்டம் பிறந்தது. இங்கிலாந்து தன் நீதிமன்றங்களினின்றும் கசையை நீக்கிய பின்னும் அச்சட்டம் நம் ஏடுகளில் நெடுங்காலம் இருந்தது. 2005ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தினாலேயே அது நீக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே பாடசாலைகளில் உடற்றண்டனையைத் தவிர்க்குமாறு கல்வி அமைச்சும் சுற்றறிக்கை விடுத்தது. 2021 பெப்ருவரியிலே, ஆசிரியர் அறைந்தமையால் மாணவனொருவனின் செவிப்புலன் பாதிக்கப்பட்ட வழக்கில், கொடிய, மனிதத் தன்மையற்ற, இழிவான நடத்துகைக்கு எதிராக அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை வழங்கும் அடிப்படை உரிமை மீறப்பட்டது என உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பள்ளிப் பிரம்பை உலகெங்கும் பரப்பிய இங்கிலாந்திலும், 1986இல் 231க்கு 230 என ஒரே வாக்கு மேலதிகத்தால், அரசினர் பாடசாலைகளில் பிரம்பை நீக்கப் பாராளுமன்றம் முடிவுசெய்தது.

பழியனைத்தையும் ஆங்கிலேயர் மேற் சுமத்துதலும் முறையன்று. நம் திண்ணைப் பள்ளிகளிலே மாணவனைக் கயிற்றிற் தொங்கவிடும் கோதண்டம் என்னுந் தண்டனை இருந்தது. 'அடியாத மாடு படியாது' என்பதும், 'அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவார்' என்பதும் நம் முதுமொழிகளே. அதே மரபிலே, அஞ்சத்தக்கன செய்து ஆளுதல் தகாது என்பதற்கு வள்ளுவர் ஓர் அதிகாரமே வகுத்தார் என்பதையும் மறத்தல் ஆகாது.

ஆசிரியரின் பிரம்பும் ஒன்பது வாற் பூனையும் ஒன்றெனக் கூறுவோமல்லோம். அளவிலும் நோக்கத்திலும் அவை மலையும் மடுவும் போல்வன. பிரம்பேந்திய ஆசிரியருள் தம் மாணவரைப் பெற்ற மக்களினும் மேலாகப் பேணியவர் பலர் என்பதும் உண்மை. ஆயினும் இரண்டையும் தாங்கி நின்ற வாதம் ஒன்றே: 'அடிபட்டேன், ஆளானேன், ஆதலின் அடியே ஆளாக்கிற்று' என்பது அவ்வாதம். இதன் குறைபாட்டைக் கடோகன் குழுவின் முறை நமக்குக் காட்டும். அடிபட்டு உயர்ந்தோரை மட்டும் எண்ணுதல் போதாது. அடிபடாது உயர்ந்தோரையும், அடிபட்டுந் தாழ்ந்தோரையும் உடன் எண்ணுதல் வேண்டும். பள்ளிக்கூடத்தைப் பொறுத்தவரையில் வேறொரு வகுப்பினரும் உளர். அடிக்கு அஞ்சி ஐந்தாம் வகுப்போடு புத்தகத்தை மூடிவைத்தவரும், கணக்கு ஆசிரியரின் காலடி ஓசைக்கு நடுங்கிக் கணக்கையே வெறுத்தவரும் பழைய மாணவர் சங்கத்திலே சேர்வதில்லை. விழா மலருக்குக் கட்டுரை வரைவதும் அவர்கள் அல்லர். பிரம்பின் புகழை நாம் கேட்குமிடமெல்லாம், அதனைத் தாங்கி நின்றவரின் குரலே கேட்கின்றது. தாங்காது அகன்றவரின் குரல் பதிவாகவில்லை.

நம்மை ஆளாக்கிய ஆசிரியரை ஒவ்வொருவரும் மனத்தகத்தே எண்ணிப் பார்ப்போமாக. அவர் பிரம்பு ஏந்தியவராயினும் ஆகுக, ஏந்தாதவராயினும் ஆகுக. ஐயம் எழுந்தபொழுது மாலை வேளையிலும் வீட்டுக்கு அழைத்து விளக்கியதும், சம்பளம் கட்ட இயலாதவனுக்குத் தம் பையிலிருந்து கொடுத்ததும், பிழையாக எழுதிய கட்டுரையை வரிவரியாகத் திருத்தித் தந்ததும், அவர் முகம் வாடுமே என அஞ்சி நாம் தவறு செய்யாது விட்டதும் நினைவுக்கு வரும். கொலிங்வூட்டின் மாலுமிகளும் அவர் கசைக்கு அஞ்சவில்லை. அவர் மனம் வருந்துவதற்கே அஞ்சினர் என்பர். அத்தகைய மதிப்பை ஈட்டுதற்கு நெடுங்காலம் செல்லும், பொறுமை வேண்டும், நாற்பது மாணவர் நிறைந்த வகுப்பிலே அது எளிதன்று. அப்பணியைச் செய்யும் ஆசிரியர்க்கு வகுப்பின் தொகையைக் குறைத்தும், நூல்நிலையத்தை வளப்படுத்தியும், பின்தங்கிய மாணவர்க்கு மாலை வகுப்புக்கள் அமைத்தும் துணைநிற்றல் பழைய மாணவராகிய நம் கடன். இவ்விழா ஆண்டிலே அக்கடனை ஏற்றுக்கொள்வோமாக.